அம்மனின் அளவு நூல்

எங்கள் ஊர் அம்மன் சிலை திருட்டு வழக்கில் ஒரு பொய்ச் சாட்சியம் இருக்கிறது. அதைத் தயாரித்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு இந்த நாற்பது வருஷத்தில் உருப்படியாக நான் எதையுமே தயாரித்ததில்லை என்று என் மனைவி சொல்வாள். என் முதல் தயாரிப்பே அரசாங்கக் கோப்பில் அரக்கு முத்திரையோடு உட்கார்ந்திருக்கும் விஷயம் போன மாதம்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஊர் நாகலாபுரத்துக்குப் பக்கம். எங்கள் ஏரியின் இந்தக் கரை ஆந்திரா, அந்தக் கரை தமிழ்நாடு. நைனா, அதாவது அப்பா, தையல்காரர். நடவு, அறுப்பு நாட்களில் கூலிக்குப் போவார். மற்ற நாட்களில் மெஷின் மிதிப்பார். ஊரில் எல்லாருக்கும் தைத்தார், அம்மனுக்கும் தைத்தார். ஆடித் திருவிழாவில் ஊர்வலம் போகிற வெண்கல அம்மனுக்கு வருஷத்துக்கு ஒரு பாவாடை, ஒரு ரவிக்கை.

இதில் ஒரு சிக்கல். பூசாரியைத் தவிர வேறு யாரும் அம்மனைத் தொடக்கூடாது. உடுத்தாமல் பார்க்கவும் கூடாது. முகத்தில் சந்தனம், கழுத்திலிருந்து கால்வரை பட்டு, அதற்குமேல் மாலை என்று மூடிய பிறகுதான் திரை விலகும். அளவெடுக்காமல் எப்படித் தைப்பது? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பழைய பூசாரி ஒரு மஞ்சள் நூலை எடுத்துக்கொண்டு திரைக்குள்ளே போய், அளந்து முடிச்சுப் போட்டு, வெளியே நின்ற நைனாவிடம் கொடுத்தார். முதல் முடிச்சு தோள், இரண்டாவது இடுப்பு, மூன்றாவது உயரம். அதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பு. சாமி என்ன வளரவா போகிறது என்று அதே நூலைத்தான் வருஷா வருஷம் வைத்துத் தைத்தார். மெஷின் டிராயரில் ஒரு பவுடர் டப்பாவுக்குள் அந்த நூல் இருந்தது.

பழைய பாவாடையை வைத்து அளந்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். திருவிழா முடிந்ததும் அதைத் துண்டு துண்டாகக் கிழித்து வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடுவார்கள். குழந்தைகள் மணிக்கட்டில் கட்டிக்கொள்வோம். ஆக, அம்மனின் உடம்பைப் பற்றி ஊரில் இருந்த ஒரே தகவல் அந்த நூல்தான்.

அதை நான் காத்தாடிக்கு எடுத்துக்கொண்டேன்.

காத்தாடியின் நெஞ்சில் சூத்திரம் கட்ட முறுக்கேறிய நல்ல நூல் வேண்டும். வீட்டில் அதைவிட நல்ல நூல் இல்லை. காத்தாடி பிரமாதமாக ஏறியது. ஏரிக்கு மேலே போனதும் அறுந்து, அம்மனின் அளவுகளோடு தமிழ்நாட்டுக்குள் போய்விட்டது. எங்கள் ஊர்ச் சாமி சொத்து எல்லை தாண்டிப் போனது அதுதான் முதல் தடவை. கடத்தியவன் நான்.

வேறு நூல் செய்தேன். வெள்ளை நூலில் மஞ்சள் தடவினேன். முடிச்சுக்கு அளவு வேண்டுமே? தங்கச்சியிடம் திருப்பதியில் வாங்கிய மரப்பொம்மை இருந்தது. அதன் தோளையும் இடுப்பையும் உயரத்தையும் அளந்து இரண்டால் பெருக்கினேன். ஏன் இரண்டு என்றால், மூன்றாம் வாய்ப்பாடு எனக்குச் சரியாக வராது. நூலை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, ஆடி மாதம் வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வேண்டுதல் வேறு விதமாகப் பலித்தது. ஒரு நாள் காலையில் கோயில் பூட்டு உடைந்து கிடந்தது. அம்மன் இல்லை. ஊரே அழுதது. அம்மா அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை. நானும் அழுதேன், ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இனிமேல் அந்த டப்பாவை யாரும் திறக்கமாட்டார்கள்.

அந்த ஆடியில் திருவிழா நடக்கவில்லை. அம்மன் வரட்டும் என்று கல்யாணங்களையும் தள்ளிப் போட்டார்கள். மழைக்காலம் முடிகிற நேரத்தில், வேர்க்கடலை மூட்டைக்கு அடியில் சிலைகளோடு போன ஒரு லாரியைப் போலீஸ் பிடித்தது. ஊருக்குத் தெலுங்கில் ஒரு நோட்டீஸ் வந்தது. நான் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்ததால், வாசிக்கச் சொல்லி என்னைக் கோயில் மேடையில் ஏற்றினார்கள். சிலைகள் சித்தூரில் இருக்கின்றன, அடையாளம் சொல்லி நிரூபித்தால் திருப்பித் தருவார்கள், இல்லையென்றால் மியூசியத்துக்குப் போகும் என்று எழுதியிருந்தது.

"மியூசியம்னா இன்னாடா?" என்றார் மாமா. அம்மாவின் அண்ணன், ஊரில் எதற்கும் முதலில் வாய் திறப்பவர்.

"கண்ணாடிப் பொட்டில வெச்சி, டிக்கெட்டு போட்டு காட்டுவாங்க மாமா."

"நம்ம அம்மனையா? துணி மணி இல்லாமயா?"

திருட்டுப் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டிருந்த ஊர், இதைத் தாங்காது என்று எனக்கே தெரிந்தது.

ஆனால் அடையாளம் யார் சொல்வது? பழைய பூசாரி போன தை மாதமே செத்துப்போயிருந்தார். அவர் மகன் நாயுடுபேட்டையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, ஒரே ஒரு அபிஷேகம் செய்திருந்தார். ஊர் அவரைப் பார்த்தது.

"நானு கண்ண மூடிக்கினுதான் குளிப்பாட்டனேன்" என்றார் அவர். "பயமா இருந்திச்சி."

அப்போது பின்னாலிருந்து நைனா மெதுவாகச் சொன்னார்: "எங்கிட்ட அளவு கீது."

சித்தூருக்கு நான்கு பேர் போனோம். நைனா, மாமா, புதுப் பூசாரி, தெலுங்குக்கு நான். வழியெல்லாம் நைனாவின் சட்டைப் பையில் அந்த டப்பா எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தது. உண்மையைச் சொன்னால் அம்மன் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் வேறு ஊர் அம்மன் எங்கள் ஊருக்கு வந்துவிடும். ஒன்பது வயதுக்கு இது கொஞ்சம் பெரிய கணக்கு. இரண்டாம் வாய்ப்பாட்டில் அடங்காது.

ஓர் ஆபீசின் பின்பக்கக் கிடங்கில் ஒரு பெஞ்சின்மேல் ஐந்து வெண்கலச் சிலைகள் வரிசையாக நின்றன. ஏறக்குறைய ஒரே உயரம். கழுத்தில் நம்பர் அட்டை. சந்தனம் இல்லை, மாலை இல்லை, பட்டு இல்லை. நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டோம். மாமாதான் முதலில் நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் நேராக இரண்டாம் நம்பரின் காலில் விழுந்து, "தாயே, உன்ன இந்தக் கோலத்துலயா பாக்கணும்" என்று அழ ஆரம்பித்தார்.

ஆபீசர் ஒரு பெண்மணி. கண்ணாடியை மூக்கில் ஏற்றி அட்டையைப் படித்துவிட்டு, தெலுங்கில் என்னிடம் ஏதோ சொன்னார்.

"மாமா, எந்திரி. அது ஆம்பள சாமியாம்."

மாமா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "இன்னாவா இருந்தா இன்னா, சாமி சாமிதான்" என்றார்.

பூசாரி ஒரு போட்டோவை நீட்டினார். திருவிழாவில் எடுத்தது. ஆபீசர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இதில் மாலைதான் தெரிகிறது, சிலை எங்கே என்று கேட்டார். அப்புறம்தான் நைனா டப்பாவைத் திறந்தார். நூல் எதற்கு என்பதை நான் தெலுங்கில் விளக்கினேன். என் பொய்க்கு நானே மொழிபெயர்ப்பாளன். ஆபீசருக்கு அது பிடித்துவிட்டது. காலையில் வந்த வேறு ஊர்க்காரர்கள் அழுதுவிட்டு மட்டும் போனார்களாம்.

"அவரு தொடக்கூடாதே" என்றார் பூசாரி, நைனாவைக் காட்டி. "அப்டின்னா நீ தொடு" என்றார் மாமா. பூசாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

விஷயத்தைக் கேட்ட ஆபீசர், "இக்கட இதி தேவுடு காது பாபு, ப்ராபர்ட்டி" என்றார்.

"இங்க இது சாமி இல்லியாம், கேஸ் சொத்தாம்" என்றேன். "யாரு வேணா தொடலாமாம்."

நைனா நூலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு தடவை உருவினார். பாதியில் விரல் நின்றது. நான் வாயைத் திறந்தேன்.

"இன்னாடா?" என்றார் மாமா.

"ஒண்ணுக்கு வருது."

"அடக்கிக்கினு இரு."

என் வாழ்நாளின் முதல் வாக்குமூலம் அப்படித்தான் முடிந்தது.

நைனா வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். முதல் சிலை. தோளில் நூலைப் போட்டு, அதன்மேல் கையை விரித்து வைத்தார். இல்லை என்று தலையாட்டினார். இரண்டாவதை விட்டுவிட்டார். மூன்றாவது, இல்லை. நான்காவதின் தோளில் கையை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கையை இறக்கி இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். கண்ணை மூடியிருந்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. ஆபீசர்கூடக் கையிலிருந்த பேனாவை மூடிவிட்டார்.

"இதான்" என்றார் நைனா.

"நூல் சரிபோயிந்தா?"

"சரியா கீது மேடம்."

ஆபீசர் எழுதிக்கொண்டு, நூலை ஒரு உறைக்குள் போட்டு அரக்கு வைத்தார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு பக்தனின் முதுகுத் தோலைக் காப்பாற்ற அம்மன் தன் உடம்பையே மரப்பொம்மை அளவுக்கு மாற்றிக்கொண்டாள் என்று முடிவு செய்தேன். அதுவரை பரீட்சை நாளில் மட்டும் கும்பிட்டவன், அன்றுமுதல் தினமும் கும்பிட ஆரம்பித்தேன்.

சில வாரங்களில் காகிதங்களெல்லாம் முடிந்து அம்மன் வேனில் வந்து இறங்கினாள். அடுத்த ஆடிக்கு நைனா நூலே இல்லாமல் பாவாடை தைத்தார். கச்சிதமாக இருந்தது. நூல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் சித்தூரில் இருக்கிறதே. நைனா சாகும்வரை அந்த நூலைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன மாதம் ஒரு பெண் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள். பழைய சிலைகள் எந்தக் கோயிலுடையவை, யார் யார் கைக்குப் போய் வந்தன என்று தேடுகிற ஆராய்ச்சி. திருப்பிக் கொடுத்த சிலைகள் சரியான ஊருக்குத்தான் போயினவா என்றும் பார்க்கிறாளாம். அவளிடம் ஒரு மிகப் பழைய போட்டோ இருந்தது. எவரோ எங்கள் கோயிலில், அம்மனுக்கு உடை சாத்துவதற்கு முன்பு எடுத்திருக்கிறார்கள்.

"சிலை உங்க ஊருதுதான் சார், சந்தேகமே இல்ல. பீடத்துல இருக்கிற கீறல்கூட அப்படியே இருக்கு" என்றாள். "ஆனா ஃபைல்ல இருக்கிற நூல் ஒத்து வரல. உயரத்துல நாலு விரல் குறையுது, தோள் வேற ஜாஸ்தி. அப்புறம் எப்படிக் கரெக்டா கண்டுபிடிச்சாங்க?"

காத்தாடியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள். "இத எழுதிக்கட்டுமா சார்?"

"எழுதிக்கோம்மா. எனுக்கு இனிமே பொண்ணு பாக்கப் போறதில்ல."

"அப்போ எதை வெச்சி அடையாளம் சொன்னார்னு போட?"

"கைன்னு போடு."

தையல்காரன் விரலுக்குத் தெரியாத நூல் உண்டா? உருவும்போதே அது வேறு நூல் என்று கண்டுபிடித்திருப்பார். அத்தனை வருஷம் அந்தத் தோளுக்கும் இடுப்புக்கும் வெட்டித் தைத்த கை, தொட்டவுடன் சொல்லிவிட்டது. கையின் பேச்சைக் கோப்பில் எழுதமாட்டார்கள் என்பதற்காக நூலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இவ்வளவும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அன்றைக்குத் திரும்பும்போது பாகாலாவில் ரயில் மாற வேண்டியிருந்தது. மாமா இட்லி வாங்கி வந்தார். நைனா வேண்டாம் என்றார்.

"சாமி கெடச்ச நாளு மச்சான், ஒரு வாய் துன்னு."

"பசிக்கல. புள்ளைக்குக் குடு."

காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீர்ச் செம்பைக்கூட இடது கையில் வாங்கித்தான் குடித்தார். அம்மனைத் தொட்ட வலது கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கழுவவில்லை, எதையும் தொடவில்லை. குட்டு உடைந்துவிட்டது, எனக்கு அறை கொடுப்பதற்காகத்தான் அந்தக் கையைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் பங்கு இட்லியையும் தின்றுவிட்டு, ரயில் வரும்வரை பெஞ்சின் அந்தக் கோடியில், கை எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.