அண்ணி கைவைத்த வண்டி

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குள் மலை நடுங்கிக்கொண்டிருந்தது. செங்கம் சாலையில் மாடுகள் கடப்பதற்காக வண்டியை நிறுத்தியிருந்தேன். பின்சீட்டில் இருந்த பெங்களூர் அம்மா, வண்டிக்குக் குளிர் ஜுரமா என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன், உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை.

ஆசிரமத்துப் பக்கம் எங்களுக்கு மூன்று அறைகள் உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அறைகள் கணவரின் பொறுப்பு. வந்தவர்களைக் காரில் ஏற்றி இறக்குவது என் வேலை. பழைய கார்தான். ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு நானே கற்றுக்கொண்டு, நானே ஓட்டி, என்னுடையது என்று சொல்லிக்கொண்ட ஒரே பொருள் அது. ஓடும்போது நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது. நிறுத்தி நியூட்ரலில் போட்டதும் ஸ்டியரிங்கிலிருந்து கதவுப்பிடி வரை உதறும். மெக்கானிக் பிளக்குகளை மாற்றினார். காற்று போகும் வழியைச் சுத்தம் செய்தார். சரியாகிவிட்டதாக இரண்டு நாள் எனக்கே தோன்றும். மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். கடைசியில் இன்ஜினை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார். அலுத்துப்போன கணவர், வண்டியை விற்கப் போளூர்க்காரர் ஒருவரிடம் பேசிவிட்டார். வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு.

அப்போது வீட்டில் அண்ணி இருந்தார். கணவரின் அக்கா. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலையில், இன்ஜின்களைச் சோதிக்கும் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவர். அந்தப் பிரிவை மூடியதும் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். வந்த வாரமே, எத்தனை நாள் இருப்பார் என்று கேட்டுவிட்டேன். அவர் தங்கியிருந்த வாடகை அறைக்கு ஆள் வந்திருந்தது, அதற்காகத்தான் கேட்டேன். அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு என் கணவர் வழியாகத்தான். நான் பக்கத்தில் நிற்கும்போதே, சட்னியில் உப்பு கம்மி என்று தம்பியிடம் சொல்வார். வண்டியைப் பார்க்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமல் வந்து பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை வண்டியைக் கழுவித் துடைத்து, ஸ்டார்ட் செய்து சும்மா உட்கார்ந்திருந்தேன். கண் கலங்கியிருந்தது. துணி காயப்போட வந்த அண்ணி ஜன்னலருகே குனிந்தார்.

"ஏசி போட்டா ஜாஸ்தி ஆவுதா?"

ஒரு மாதத்தில் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. ஆமாம் என்றேன். பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் தலையிலும், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் ஒன்று இருக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, காயில்களின் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதலாவதைக் கழற்றியதும் வண்டி இன்னும் மோசமாகக் குலுங்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

"இது ஏற்கெனவே வேலை செய்யல. அதான் கழட்டினாலும் தெரியல," என்றார்.

அதோடு விடவில்லை. நான்காவதையும் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார். மூன்றாவது காயிலையும் முதலாவது காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, மறுபடி சோதித்தார். இப்போது முதலாவது சிலிண்டர் படுத்துவிட்டது, மூன்றாவது எழுந்துகொண்டது. கோளாறு காயிலோடுதான் போகிறது, இன்ஜினில் ஒன்றுமில்லை என்றார். என்னையறியாமல் என் கால் அழுந்தி, இன்ஜின் உறுமியது.

"அண்ணி, அன்னிக்கு நான் வேற அர்த்தத்துல கேக்கலீங்க."

"தெரியும். முதல்ல ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடு," என்றார்.

எடுத்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்கூட்டரில் டவுனுக்குப் போய்ப் புதுக் காயில் வாங்கி வந்தேன். மாட்டியதும், இன்ஜின் ஓடுகிறதா என்று நான் இரண்டு முறை மீட்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. துணி பக்கெட்டிலேயே கிடந்தது.

மறுநாள் போளூர்க்காரர் வந்தார். வண்டி உதறும் என்று கணவர் முன்பே சொல்லியிருந்ததால், பேரம் பேசத் தயாராக வந்திருந்தார். ஸ்டார்ட் செய்தவர் முகம் மலர்ந்துபோனது. குறை சொல்ல வந்தவர் புகழ ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கணவர் என்னைப் பார்த்தார். நான் வாசல் பக்கம் திரும்பினேன். வாசலில் நின்ற அண்ணிதான் பேசினார்.

"விக்கிறதுக்கு இல்லீங்க. அவளுக்கு வேணும்."

கணவர் தலையைச் சொறிந்துகொண்டே, வந்தவருக்கு டீ வாங்கிவரப் போனார்.

அண்ணி இப்போது வேலூரில் கார் பழுதுபார்க்கும் ஒரு நிலையத்தில் மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்கும் முன்பே, வண்டியை ஸ்டார்ட் பண்ணி போனை இன்ஜின் பக்கத்தில் வைக்கச் சொல்வார். நானும் வாசலில் நின்று பானெட்டுக்குள் போனை நீட்டிக்கொண்டிருப்பேன். அறையில் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் அது ஏதோ வழிபாடு என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போவார்கள். அரை நிமிடம் கேட்டுவிட்டு அண்ணி சொல்வார்: "அது நல்லா இருக்குது. இப்ப நீ பேசு."