பிஷப்புக்கு எடுத்த நாற்காலி

சர்ச் கேட்டைத் தாண்டி மந்திர் மார்க்கில் கால் வைத்தபோதே கழுத்து வலிக்க ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் நிற்பதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை என்று முடிவு செய்திருந்தேன். திரும்பினால் வாசலில் மாமா நிற்பது தெரியும். அந்த நேரத்தில் எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

தலைமேல் இருந்தது ஒரு நாற்காலி. சிவப்பு வெல்வெட் மெத்தை, கைப்பிடிகளின் முனையில் வாய் பிளந்த இரண்டு சிங்கங்கள், மேலே தங்க நிறப் பூச்சு. தில்லியில் கல்யாண மாப்பிள்ளையை உட்கார வைப்பார்களே, அது. கவிழ்த்துத் தலையில் வைத்திருந்ததால் நடக்க நடக்க அதன் சாய்மானம் என் முதுகில் இடித்தது. கோல் மார்க்கெட்டில், கல்யாணப் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் ஒரு டெண்ட் ஹவுஸிலிருந்து முந்தின நாள்தான் எடுத்து வந்தோம். ஒருவரும் உட்காராமலே அது திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினான்கு வயது. எங்கள் சபை சிறியது. எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். பாதிப் பேர் சர்க்கார் குமாஸ்தாக்கள், மீதிப் பேர் டிரைவர்கள், நர்சுகள், என் அம்மாவைப் போல ஆஸ்பத்திரி ஆயாக்கள். சொந்த சர்ச் கிடையாது. இந்திக்காரர்களின் சர்ச்சில் ஞாயிறு மாலை மட்டும் எங்களுக்கு இடம் தருவார்கள். சில வருஷங்களுக்கு முன்பே பல சபைகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டிருந்தாலும், எங்கள் பெரியவர்கள் தங்களை ஆங்கிலிக்கன் என்றே சொல்லிக்கொண்டார்கள். சபைக்குச் செயலாளர் என் தாய்மாமா. அப்பா போனபிறகு நாங்கள் அவருடைய குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம்.

எட்டாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவது முறையும் தோற்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மாவின் பதில் மாறவே மாறாது.

"மொதல்ல திடப்படுத்தல் முடியட்டும். சபையில பெரிய ஆளாயிரு. அப்புறம் மூட்டை தூக்கு, என்னமும் செய். அதுவரைக்கும் நீ சின்னப் பிள்ளதான், பள்ளிக்கூடத்துக்குப் போ."

திடப்படுத்தல் என்பது குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் பிஷப்பின் முன் மண்டியிட, அவர் அவர்கள் தலையில் கை வைத்து ஜெபிப்பது. பிஷப் மட்டும்தான் செய்யலாம். எங்கள் பிஷப் கவனிக்க வேண்டிய பகுதி பெரியது. அதனால் இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் தள்ளிப் போயிருந்தது. விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளையும் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். பள்ளிக்கூடப் பாடத்தில் அதில் பாதி ஏறியிருந்தால் என் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

இந்த முறை வருவது உறுதி என்றார்கள். மாமா நாற்காலி எடுத்தார். ஞாயிறு மத்தியானம் செய்தி வந்தது: பிஷப் ஏதோ கூட்டத்துக்காகக் கல்கத்தா போய்விட்டார், உதவி பிஷப்பை அனுப்புகிறார்.

மாமா செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா. எதையும் ஆபீஸ் கணக்கில்தான் பார்ப்பார்.

"பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட வேண்டிய பைல்ல நான் போட்டா ஒத்துக்கிடுவானா? இதுவும் அப்படித்தான். பிஷப்னா அவருக்குன்னு பெரிய கோயில்ல ஒரு நாற்காலி உண்டு. அத வச்சித்தான் அதுக்குக் கதீட்ரல்னே பேரு. உதவிக்கு ஏது நாற்காலி? வாரவருக்கு டீ, பிஸ்கட் குடுத்து அனுப்புவோம். திடப்படுத்தல் பெரியவரு வரும்போது பாத்துக்கிடலாம். ஏல, நீ இதத் திருப்பிக் குடுத்துட்டு வா. ஜல்தி."

பெரியவர் எப்போது வருவார் என்று நான் கேட்டேன். ஈஸ்டர் கழித்து இருக்கலாம் என்றார். அப்போது நவம்பர் கடைசி. அதாவது இன்னொரு பரீட்சை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாதி வழியில் ஒரு வேப்பமரத்தடியில் அதை இறக்கி வைத்துக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒருவர் என்னிடம் இந்தியில் சர்ச்சுக்கு வழி கேட்டார். ஒல்லியான மனிதர், பழுப்பு ஸ்வெட்டர். ஒரு கையில் ரெக்ஸின் பை. இன்னொரு கையில் துணி உறைக்குள் நீளமாக ஏதோ இருந்தது. மீன் பிடிக்கிற தூண்டில் என்று நினைத்தேன். வழி சொன்னேன். அவர் நாற்காலியைப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் உட்காரலாமா? பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்."

"உட்காருங்கள். இனிமேல் இதற்கு வேலை இல்லை."

சிங்கங்களின் தலைமேல் கைகளை வைத்துக்கொண்டு அவர் சாலையோரம் உட்கார்ந்தார். சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். யாருக்குக் கல்யாணம் என்று என்னைக் கேட்டார்.

கோபத்தில் இருந்தவனிடம் கேட்டால் போதாதா? முழுக்கச் சொன்னேன். பிஷப் வரவில்லை, அவருக்குக் கீழே இருக்கிற யாரோ வருகிறாராம், அவருக்கு நாற்காலி கிடையாதாம், அவர் கை வைத்தால் செல்லாதாம், அதனால் எல்லாம் தள்ளிப்போச்சு என்றேன்.

"செல்லாது என்று யார் சொன்னது?"

"என் மாமா. சர்க்கார் ஆபீசில் இருக்கிறார். அவருக்கு எல்லா ரூலும் தெரியும்."

"நீ என்ன நினைக்கிறாய்?"

"யார் கை வைத்தாலும் எனக்குச் சரி. இன்றைக்கு வைத்தால் நாளைக்கு வேலைக்குப் போவேன்."

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"இரண்டு பேர் தூக்கினால் சீக்கிரம் போய்விட்டு வரலாம். நீ ஆராதனைக்குத் திரும்ப வேண்டும் இல்லையா?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. யாரோ நல்ல மனுஷன், சர்ச்சுக்குப் போகிறவர் என்றுதான் நினைத்தேன். நடுவில் நாற்காலியும் இரண்டு பக்கமும் நாங்களுமாகக் கோல் மார்க்கெட் வரை போனோம். வழியில் அவர் கை மாற்றிக்கொள்ள ஒரே ஒரு முறைதான் நின்றார்.

டெண்ட் ஹவுஸ்காரர் ஒரு சர்தார்ஜி. நேரத்துக்கு முன்பே நாற்காலி வந்ததில் அவருக்கு மகிழ்ச்சி, கல்யாண சீசன். மேலிருந்து கீழ்வரை என்னைப் பார்த்தார்.

"சர்ச்சிலிருந்தா தூக்கி வந்தாய்? ரிக்‌ஷா இல்லாமல்?"

"பாதி வழி நான் மட்டும்."

"எனக்கு ஆள் பற்றாக்குறை. நாளை காலை வருவாயா?"

யாராவது என் தலையில் கை வைத்தால் வருவேன் என்றேன். எதற்குக் கை வைப்பது என்று அவருக்குப் புரியவில்லை. என்னோடு வந்தவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

நாங்கள் திரும்பியபோது சர்ச் முற்றத்தில் சபையே கூடி நின்றது. நடுவில் அம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். சீருடைச் சேலையைக்கூட மாற்றவில்லை. யாரையும் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை.

"அண்ணே, நம்ம தாத்தாவுக்குத் தலையில கை வச்சது யாரு? அப்பல்லாம் திருநெல்வேலிக்குன்னு தனி பிஷப்பே கெடையாது. மெட்ராஸ்ல இருந்தவரு அம்புட்டுத் தூரம் வர முடியாம, ஒத்தாசைக்குன்னு வச்சிருந்த வெள்ளக்காரர்தான ஊரூரா வந்து கை வச்சாரு? அதச் சொல்லிச் சொல்லித்தான தாத்தா பெருமைப்பட்டாவ? அவரும் உதவிதான். அது செல்லாதுன்னா நம்ம குடும்பத்துல ஒருத்தருக்கும் செல்லாது. ஒங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

யாரோ சிரித்தார்கள். மாமாவின் முகம் இறுகியது.

"நீ சும்மா இரு. ரூல் தெரியாமப் பேசாத."

"ரூலு ஒங்க ஆபீசுல இருக்கட்டும். எம்புள்ள இன்னைக்கு மண்டி போடுவான்."

என்னோடு வந்தவர் மாமாவின் முன்னால் போய்க் கைகூப்பினார். தான்தான் அந்த உதவி பிஷப் என்று சொன்னார். சாலையோரம் அவரிடம் சொன்னதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

மாமா சமாளித்துக்கொண்டு ஆபீஸ் ஆங்கிலத்தில், நிகழ்ச்சி ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்றார். உதவி பிஷப் கோபப்படவில்லை. இந்தியில் மெதுவாகக் கேட்டார்.

"என்னைத் திடப்படுத்தலுக்குத்தான் பிஷப் அனுப்பினார். செய்யாமல் திரும்பினால் ஏன் என்று கேட்பார். நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லிக்கொடுங்கள்."

மேலே உள்ளவருக்கு விளக்கம் சொல்வது எப்படிப்பட்ட வேலை என்று மாமாவுக்கு நன்றாகத் தெரியும். என் பக்கம் திரும்பினார்.

"ஏல, அந்த நாற்காலி எங்க?"

"திருப்பிக் குடுத்தாச்சு மாமா. ஒரு பக்கம் இவங்கதான் பிடிச்சாங்க."

மாமா உள்ளே போய் ஒரு மடக்கு இரும்பு நாற்காலியைத் தானே எடுத்து வந்தார். பீடத்துக்கு முன்னால் விரித்து வைத்து, தன் கைக்குட்டையால் துடைத்தார்.

தூண்டில் என்று நான் நினைத்தது மூன்று துண்டாகக் கழற்றி வைத்திருந்த பிஷப்பின் கோல். அதைத் திருகிப் பொருத்தி, அங்கி மாட்டிக்கொண்டு, அவர் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் இரண்டிரண்டு பேராக மண்டியிட்டோம். அவர் இந்தியில் ஜெபித்தார். நாங்கள் தமிழில் பதில் சொன்னோம். ஆமென் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருந்தது. என் தலைமேல் வைத்த கையில் டெண்ட் ஹவுஸ் நாற்காலியின் வார்னிஷ் மணம் இருந்தது.

முடிந்தபின் மாமா பையன்களை ஏவாமல் தானே டீ கொண்டுபோய்க் கொடுத்தார். நான் பக்கத்தில் பிஸ்கட் தட்டோடு நின்றேன்.

"எத்தனை வருஷமாக இந்தப் பதவியில் இருக்கிறீர்கள்?" என்று மாமா கேட்டார்.

"ரொம்ப வருஷமாக."

"பெரியவர் ஓய்வு பெற்றால் அடுத்து நீங்கள்தானே?"

"அப்படி ரூல் இல்லை. வெளியிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். போன தடவையும் அப்படித்தான்."

"அப்போது நீங்கள்?"

"வந்தவருக்கு உதவி பிஷப்."

மாமா அவரிடமிருந்து காலி டம்ளரை வாங்கி வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

உதவி பிஷப்பும் முழு பிஷப்தான், மற்ற பிஷப்புகள் கூடித் தலையில் கை வைத்து ஆக்கியவர்தான், தனக்கென்று ஒரு இடமும் அதில் ஒரு நாற்காலியும் மட்டும்தான் கிடையாது என்பதையெல்லாம் பிறகு பிழைப்புக்காக அலைந்த பல ஊர்களில், பல சர்ச் வராந்தாக்களில் படுத்து எழுந்த நாட்களில் தெரிந்துகொண்டேன். மாமாவைப் பற்றித் தெரிந்தது இன்னும் தாமதமாக, அவர் ஓய்வு பெற்ற பிறகு. அவருடைய செக்‌ஷனுக்கு ஆபீசர் இல்லாமல் மூன்று வருஷம் அவர்தான் எல்லா வேலையையும் பார்த்திருக்கிறார். நாற்காலி எடுத்த அந்த வாரத்தில்தான் வெளியிலிருந்து ஒரு புது ஆபீசரைப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் அவர் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை டெண்ட் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்தேன். சர்தார்ஜி கொடுத்த முதல் வேலை, அதே நாற்காலியை லக்ஷ்மிபாய் நகரில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோவது. தெரு முனையில் நின்ற கைவண்டி வரைக்கும் நான் தனியாகத் தூக்க வேண்டும். கடை வாசலில் அதைத் தூக்கக் குனிந்தபோது எதிரே மாமா வந்தார், ஆபீஸ் உடையில், டிபன் டப்பாவோடு. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் டப்பாவை நாற்காலி மெத்தைமேல் வைத்துவிட்டு மறுபக்கத்தைப் பிடித்தார்.

"ஒங்களுக்கு ஆபீசுக்கு நேரமாகலையா மாமா?"

"ஆகட்டும்லே. எவ்வளவு லேட்டாப் போனாலும் என் நாற்காலி அங்கயேதான் கெடக்கும். பிடி."

மாமா அபூர்வமாக ஒரு தமாஷ் சொல்கிறார் என்று நினைத்து நான் சத்தமாகச் சிரித்தேன்.