மூன்று ஏஸும் பாமாவின் முகமும்

ரம்மி ஆட உட்கார்ந்தால் பாமாவின் முகமே காட்டிக் கொடுத்துவிடும். நல்ல சீட்டு வந்தால் சிரிப்பு மூக்குத்தி வரை ஏறும். "ஜோக்கர் வந்துடுத்து போலிருக்கே!" என்று கணவர் சுந்தரேசன் கேலி செய்வார். கர்நாடக அரசில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அந்தக் கேலி நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஒரே மகள் ஷ்ரேயா, கூட வேலை பார்த்தவனை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள். முன்பே தெரிந்தும் பாமா வாய் திறக்கவில்லை. சிரித்தபடியே கணவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விஷயம் வெடித்த அன்று சுந்தரேசன் கத்தவில்லை.

"உன் மூஞ்சியைப் பார்த்தா எல்லாம் தெரிஞ்சுடும்னு இருந்தேன், பாமா. இனிமே அதைப் பார்த்து என்ன ஆகணும்?"

அதன்பின் காபி வேண்டுமென்றால்கூடச் செய்தித்தாளைப் பார்த்தே கேட்டார். அவர் ஒருமுறை தன்னை நிமிர்ந்து பார்க்கமாட்டாரா என்று அந்தப் பேதை நெஞ்சு ஏங்கியது. அழுகையை விழுங்கி விழுங்கி அவள் முகம் மரத்தே போயிற்று.

2007 தீபாவளி. வைட்ஃபீல்டில் அவர்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் மத்தியானம் போக்கர் போட்டி. காசு கிடையாது, பிளாஸ்டிக் வில்லைகள்தான். ஜெயிப்பவருக்கு ஹாட்கேஸ் செட். சங்கச் செயலாளர் ஆம்ப்ரோஸ் இருவரையும் வற்புறுத்தி உட்கார வைத்துவிட்டார். மரத்துப்போன அந்த முகத்தை யாராலும் படிக்க முடியவில்லை. எதிரே வந்தவர்களெல்லாம் ஏமாந்து எழுந்து போனார்கள். கடைசியில் மிஞ்சியது அவளும் சுந்தரேசனும். வில்லைகளும் ஏறக்குறைய சமம்.

ஆம்ப்ரோஸ் ஆளுக்கு இரண்டு சீட்டுப் போட்டார். பாமாவுக்கு இரண்டும் ஏஸ். நடுவில் பொதுவாக மூன்று சீட்டைத் திருப்பினார்: ஒரு ஏஸ், ஒரு ராஜா, ஒரு ஏழு. அவளிடம் மூன்று ஏஸ்! இப்போதைக்கு அதற்கு மேல் எதுவும் இல்லை.

"இன்னாக்கா, செக்கா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

'செக்' என்று, வில்லை எதுவும் வைக்காமல், மேசையைத் தட்டிவிட்டுச் சும்மா இருந்தால் போதும். அவளிடம் ஒன்றுமில்லை என்று நம்பி சுந்தரேசன் வில்லைகளைத் தள்ளுவார். மொத்தத்தையும் அள்ளிவிடலாம். கெட்டிக்காரர்கள் அப்படித்தான் ஆடுவார்கள்.

தட்ட உயர்த்திய கையை அப்படியே நிறுத்தினாள். கையில் இருப்பதை மறைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல அவர் எதிரே மறுபடியும் உட்காருவதா? ஒருமுறை மறைத்ததற்குத்தானே இத்தனை தண்டனை?

இரண்டு கையாலும் வில்லைகளை மொத்தமாக முன்னே தள்ளினாள். "ஆல் இன்." அடக்கி வைத்த சிரிப்பை அவிழ்த்துவிட்டாள். கூடவே கண்ணீரும் வந்துவிட்டது.

சுந்தரேசன் வில்லைகளைப் பார்த்தார். பிறகு, மெல்ல, அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏஸா?"

"ஆமான்னா. ரெண்டும்."

"அக்கா! சொல்லக் கூடாது!" என்று ஆம்ப்ரோஸ் தலையில் அடித்துக்கொண்டார். "சார், நம்பாதீங்க. போக்கர்ல எல்லாரும் புளுகுவாங்க."

சுந்தரேசன் தன் இரண்டு சீட்டையும் மல்லாத்தி வைத்தார். இரண்டும் ராஜா. நடுவில் கிடந்ததோடு சேர்த்து மூன்று.

"நான் வில்லை போடலே. விட்டுட்டேன்" என்றார்.

"மூணு ராஜாவை யாரானா கீழே போடுவாங்களா சார்? தலை கெட்டுப் போச்சா?"

"அவ முகத்தைப் பாருமய்யா. அது புளுகற முகமா?"

அந்த ஆட்டம் பாமாவுக்கே போயிற்று. ஆனால் அடுத்தடுத்த ஆட்டங்களை எப்படி ஆடினாள் என்று அவளுக்கே தெரியாது. சற்று நேரத்தில் மொத்தமாகத் தோற்றாள். எல்லாரும் அவளுக்காக உச்சுக் கொட்ட, அவள் கல்யாணப் பெண் போல முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

லிஃப்டில் ஹாட்கேஸ் பெட்டியை அணைத்தபடி சுந்தரேசன் கேட்டார்: "அவாத்துல இது இருக்கோ?"

யார் வீட்டில் என்று அவர் சொல்லவில்லை. மகள் வீடுதான் என்று பாமாவுக்குப் புரிந்தது. இதையும் மறைக்கக் கூடாது.

"இல்லேன்னா. போன வாரம் போயிருந்தேன். உங்ககிட்ட சொல்லலே."

"தெரியும்" என்றார் அவர், அவளையே பார்த்தபடி. "அன்னிக்கு ராத்திரி ரசம் தாளிக்கறச்சே பாடிண்டிருந்தியே."

பெட்டியை அவள் கையில் கொடுத்தார். "நாளைக்குப் போறச்சே என்னையும் கூப்பிடு."