கடைமடைக்கு வந்த ரயில்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. கூலிக்கு நாற்றுப் பறித்தவன் இன்று சொந்த வயல், அறுப்பு மெஷின், மாடி வீடு என்று நிற்கிறேன். யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. ஒரு வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வராதபோது, மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வீட்டு வாசலில் போய்ப் படுத்துத் திறக்க வைத்தவன் நான். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

மனைவிக்கு முதுகெலும்பில் நோய் என்றதும் சென்னையில் மகள் வீட்டுக்குப் போனோம். வீடு நகரத்தின் ஓரத்தில், ஆஸ்பத்திரி நடு நகரத்தில். அந்தப் பக்கம் ரயில் கிடையாது. வாரந்தோறும் ஆட்டோதான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் என் கையை இறுக்கிப் பிடிப்பாள். சத்தம் போட மாட்டாள். ஆடாமல் போய்வர வேண்டும், அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அந்தச் சாலையில்தான் மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அதற்காகத் தோண்டிப் போட்டதில் பள்ளங்கள் இன்னும் கூடின. காலையில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

"ஏங்க, எதுவரைக்கும் வந்திருக்கு?" என்பாள், வாய்க்கால் தண்ணீரைக் கேட்கிற மாதிரியே.

"பெட்ரோல் பங்க் தாண்டிடுச்சு. பத்து நாளா அங்கயே நிக்குது."

"இங்கயும் நாமதான் கடைமடையா?"

"நான் இருக்கேன்ல? விட்டுடுவேனா?"

சொன்னபடி போய், ஹெல்மெட் போட்டிருந்த இன்ஜினீயரை நிறுத்தினேன்.

"தம்பி, ஏன் வேலை நிக்குது? மேல யாரப் பாக்கணும், சொல்லு. நான் பேசிக்கறேன்."

அவர் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். "நமக்கு எந்த ஊருங்க? நான் பேராவூரணி, கடைமடைக்காரன். ஐயா, இது மதகு இல்லீங்க, தொறந்து விட."

வீட்டில் வந்து சொன்னதும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவர் வீட்டு வாசல்லயும் போய்ப் படுத்துடாதீங்க. இங்க யாரும் எழுப்பக்கூட மாட்டாங்க."

ஐப்பசி மழையில் எங்கள் தெருமுனைக்குத் தூண் வந்தது. அதன்மேல் ஒன்றும் வரவில்லை. தை அறுப்பு சமயத்தில் அவள் இறந்துபோனாள். ஊருக்கு போன் போட்டுச் செய்தியைச் சொன்னேன். மெஷினுக்கு டீசல் இருக்கிறதா என்றும் கேட்டேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பிறகு ரயில் ஓடத் தொடங்கியது. "ஒரு தடவ ஏறிப் பாருங்கப்பா" என்று மகள் கூப்பிட்டாள். போனேன். ஜன்னலோரம் உட்கார வைத்தாள். அந்தப் பள்ளமெல்லாம் கீழே போயிற்று. கையை மடியில் வைத்திருந்தேன்.

"எப்படிப்பா இருக்கு?"

"ஆடல."

ஆஸ்பத்திரி ஸ்டேஷனில் கதவு திறந்தது. எங்களுக்கு அங்கே வேலை இல்லை. கதவு மூடும்வரை உட்கார்ந்திருந்தோம்.