கேத்தலை முந்திய கம்பியூட்டர்

இன்று காலை இஞ்சி தட்டிக் கேத்தலில் போட்டேன். மணம் எழும்ப முதலே முன்னறையிலிருந்து மருமகள் தர்ஷினியின் குரல் வந்துவிட்டது. "மாமி, முடிஞ்சுது!" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இப்போது ஆகவும் மெதுவான இயந்திரம் என் கேத்தல்தான்.

முந்தி இப்படியில்லை, கேளுங்கள். மகனும் மருமகளும் வீட்டிலிருந்தே கம்பியூட்டர் வேலை செய்கிறவர்கள். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். ஆனாலும் அவர்கள் தொழில் எனக்கு விளங்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான். ஒரு புரோகிராம் செய்ய, யார் யாரோ எழுதிவைத்த துண்டுகள் வேண்டும். அவற்றை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி அடுக்க ஒரு கருவி. பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்ட வேண்டும். பழைய கருவி இறக்குவதும் ஆறுதல், கட்டுவதும் ஆறுதல், நத்தை மாதிரி.

அது ஊரும் நேரமெல்லாம் தர்ஷினி குசினியில் அடுப்புக்குப் பக்கத்து முக்காலியில் வந்து இருப்பாள். நான் என் கலியாணக் கதையைத் தவணை தவணையாகச் சொல்லுவேன். கொட்டாஞ்சேனையில் ஒரே தெருவில் அன்று இரண்டு கலியாணம். என் மாப்பிள்ளை கழுத்து மாலையோடு தப்பான மண்டபத்தில் போய் இறங்கிவிட்டார். அவர்களும் ஆராத்தியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்!

கதை அங்கே நிற்கையில்தான் புதுக் கருவி வந்தது. எதை வைத்துக்கொள்வது என்று ஆபீசில் கேட்டார்களாம். மகன் பழையதன் பக்கம், மருமகள் புதியதன் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், ஒரே மாதிரி இரண்டு லாப்டாப்பில் போட்டி. நான் பழையதன் கட்சி. கதை மிச்சம் கிடக்கிறதே!

"ஓடு ராசா, ஓடு!" என்று பழையதைப் பார்த்துக் கத்தினேன்.

"மாமி, உங்கட சத்தத்துக்கு அது ஓடாது."

அவள் வாய் மூட முதல் புதியது முடித்துவிட்டது. மகன் துள்ளி எழும்பினான். "கள்ள விளையாட்டு! நேற்று இறக்கின சாமான் உள்ளுக்கே கிடக்கு. துடைச்சுப்போட்டுத் திரும்ப ஓடவிடு!"

"ஐயோ, மறந்திட்டன்!" அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு துடைத்தாள்.

துடைத்த பிறகும் இறக்குவதில் புதியதுதான் முதல். கட்டுவதில் மட்டும் இரண்டும் அருகருகே ஊர்ந்தன. அப்பாடா, அந்த நேரமாவது மிஞ்சியது என்று, தோற்ற நானும் மருமகளோடு கைகொட்டி ஆடினேன். கீழ்வீட்டு மனுஷி ஏறி வந்து, "என்ன அக்கா, லொத்தர்ச் சீட்டு விழுந்திட்டுதோ?" என்றாள்.

மிச்சக் கதையைத் தொடங்க முதலே வந்த வேறொரு கருவி கட்டுகிற நேரத்தையும் விழுங்கிவிட்டது. இப்போது தர்ஷினி தேத்தண்ணியை வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டு ஓடுகிறாள்.

"பழையதை ஒருக்கா போட்டுப் பாரன் பிள்ளை," என்றேன் இன்று.

"அதை எப்பவோ அழிச்சாச்சு மாமி!"

முக்காலியில் வெங்காயக் கூடை இருக்கிறது. என் மாப்பிள்ளையோ இன்னும் கொட்டாஞ்சேனையில், கழுத்து மாலையோடு, வேறொருத்தி வீட்டு ஆராத்திக்கு முன்னால் நிற்கிறார்.