நான்கு விரற்கடை தூரம்

எங்களைப் போன்ற பினாங்குத் தீவுக்காரர்களுக்குப் பாலத்தைத் தாண்டினாலே வெளியூர். நான் டத்தோ கிராமாட்டில் பிறந்து அங்கேயே குடித்தனம் நடத்துகிறவன். சந்தை, கோயில், வேலை எல்லாம் நடக்கிற தூரம். என் மனைவி பாலத்துக்கு அந்தப் பக்கம், நிபோங் திபாலில் பிறந்தவள். மாமியார் போன பிறகு மாமனார் அங்கே தனியாக இருக்கிறார். வாராவாரம் அப்பாவைப் பார்க்கவேண்டும் என்பாள். "தூரம்லா, பாலத்துல ஜாம்," என்பேன். தனியாகப் போக அவளுக்கு மனமில்லை. மாப்பிள்ளை வரவில்லையா என்று அப்பா கேட்பாராம். ஆகவே தீபாவளி, பொங்கல் என்று வருடத்துக்கு இரண்டு தடவை. போன வருடம் இது பெரிய சண்டையாகி, ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தாள். சமாதானத்துக்குத்தான் பாங்காக் போகலாம் என்றேன்.

சமாதானத்திலும் கஞ்சத்தனம். விமானம் இல்லை, ரயில். மின்விசிறி மட்டும் சுற்றும் விடுதி அறை. பை நிறைய மைலோ பொட்டலங்களும் மெகி மீயும். தாய்லாந்து சிம் எதற்கு, விடுதியில் சும்மா கொடுக்கும் வரைபடம் போதும் என்றதும் நான்தான். இந்தப் பயணத்தைப் பற்றி அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

முதல் நாள் காலை அங்குள்ள மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினோம். வரைபடத்தில் விரல் வைத்து அளந்தேன். நான்கு விரற்கடை. எங்கள் ஜார்ஜ்டவுன் வரைபடத்தில் நான்கு விரற்கடை என்றால் கொம்தார் கோபுரத்திலிருந்து படகுத்துறை. பேசிக்கொண்டே போய்விடலாம்.

"கிட்டத்துலதான்லா, நடந்துருவோம்," என்று, பஸ்ஸுக்குக் கை காட்டப் போனவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

ஒரு மணி நேரம் நடந்துவிட்டுப் பார்த்தால் இரண்டு விரல்கூடக் கழியவில்லை. வரைபடத்தில் நூல் மாதிரி தெரிந்த ஒவ்வொரு கோடும் நேரில் எட்டு வழிச் சாலை. கடக்க வேண்டுமானால் மேம்பாலம் ஏறி இறங்கவேண்டும். தெருப் பலகைகளில் ஓர் எழுத்தும் புரியவில்லை. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. யாரையாவது கேளுங்கள் என்றாள். எனக்கு வழி தெரியும் என்றேன். தெரியாது.

பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் அவள் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். குதிகால் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்," என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"இவ்ளோ நேரத்துக்கு நிபோங் திபால் போயி, அப்பாவுக்குச் சமைச்சுக் கொடுத்துட்டு வந்திருக்கலாம். இது ஒங்களுக்குக் கிட்ட. அதுதான் தூரம், இல்ல?"

வெட்கமாக இருந்தது. பிளாஸ்டர் வாங்கப் போனேன். அப்புறம் ஒரு டுக்-டுக்கை நிறுத்தி, பேரம் பேசாமல் ஏறினேன். கோயிலில் அவள் வெகுநேரம் கண்மூடி நின்றாள்.

அதன்பிறகு இரண்டு நாள் ஆற்றுப் படகிலும் பஸ்ஸிலும் சுற்றினோம். ஊர் நன்றாகத்தான் இருந்தது. அவளும் நன்றாகத்தான் பேசினாள், ஆனால் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசி நாள் சந்தையில் முட்டிவலித் தைலம் ஒரு புட்டி வாங்கினாள்.

"அப்பாவுக்கா? எப்பக் கொடுப்ப?"

"தீபாவளிக்கு," என்றாள்.

தீபாவளிக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

திரும்பி, பாலத்துக்கு அந்தப் பக்கமுள்ள பட்டர்வொர்த் ஸ்டேஷனில் இறங்கும்போது மதியம். அவள் பையைத் தூக்கிக்கொண்டு, நொண்டியபடி, வீட்டுக்குப் போகப் படகுத்துறைப் பக்கம் நடந்தாள். நான் கவுன்ட்டருக்குப் போய் நிபோங் திபாலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வந்து நீட்டினேன். அதைப் பார்த்தாள். திரும்பி நடைமேடைக்குப் போய் உட்கார்ந்தாள்.

முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மாமனார் கைலியோடு கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் பதறிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, எனக்கு நாற்காலி இழுத்துப்போட்டு, விசிறியை என் பக்கம் திருப்பினார்.

"உக்காருங்க மாப்பிள்ளே. களைச்சுப் போயிருப்பீங்க. இவ்ளோ தூரம் வந்திருக்கீங்களே."

பாங்காக் போனது அவருக்குத் தெரியாது. பினாங்கிலிருந்து வந்ததைத்தான் சொன்னார்.