மிக்கேல் அண்ணாச்சியின் கத்திரிக்காய் கலர் மரம்

மிக்கேல் அண்ணாச்சி போயிட்டாவ. காலையில மகன் போன் பண்ணினான்... போன்லயே தட்டுதேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

தூத்துக்குடி ஹார்பர்ல என்கூட வேலை பார்த்தவர். எழுபதுகள்ல இந்தக் கடற்கரைக்கே வனத்துறை அமைச்சர். அவர் ஆட்சியில இருந்த காடு, ஒரே ஒரு கன்று.

சீமைக் கப்பல் கேப்டன் ஒருத்தர் கொடுத்தது. பீச்னு குளிர்நாட்டு மரமாம், இலையெல்லாம் கத்திரிக்காய் கலர். "ரொம்பப் பெருசா வரும், வீட்டை விட்டுத் தள்ளி வை. அடுத்த தடவை வந்து பார்க்கிறேன்"னு சொல்லிட்டுப் போனார். அண்ணாச்சி ஊருக்குச் சொன்னது, தெக்க அம்புட்டுத் தூரத்துல இருக்க மணப்பாடு வரைக்கும் நெழல் விழும்னு.

வீட்டுக்குப் பின்னால இருந்த மொத்த இடமும் அதுக்குத்தான். நட்ட நடுவுல கன்று. மதினி ஒரு துணிக்கயிறு கட்டினதுக்கு, "ஏளா, கிளை வார எடம்ளா அது"ன்னார். கன்று முழங்கால் உயரம்கூட இல்ல.

"வரட்டும், கிளையிலயே காயப்போடுதேன்." இது மதினி.

நம்ம ஊர் வெயில்... கருவாடே நெழல் தேடும். உப்புக்காத்துல இலை ஓரம் கருகினதும் அண்ணாச்சிக்குச் சோறு இறங்கல. வள்ளத்துல காத்துக்குக் கட்டுற பாய் கிழிஞ்சு கிடந்ததைக் கொண்டாந்து கூடாரம் போட்டார். குழாய்ல தண்ணி வந்தா முதல் குடம் இலையில உள்ள உப்பைக் கழுவ.

கூடாரத்துக்குள்ள வந்த புது இலையெல்லாம் பச்சை. "ஏலே, எவனோ மாத்தி வச்சிட்டாம்ல"ன்னு என்னையே சந்தேகமாப் பார்த்தார்.

வெயில் பட்டாத்தான் அந்தக் கலராம். பாயை எடுத்தா கலர் வரும், கன்று கருகும். மூடி வச்சா உசுரு நிக்கும், ஆனா கேப்டன் வந்து ஊதா எங்கன்னு கேப்பார். கப்பல் சங்கு ஊதினாலே ரெண்டு பேரும் ஓடிப்போய் எட்டிப் பார்ப்போம், அந்தக் கேப்டனான்னு.

கடைசியில, "கலர் கெடக்கட்டும்ல, உசுரோட இருந்தாப் போதும்"ன்னு மூடியே வச்சார். அடுத்த கோடையில அந்த உசுரும் போயிட்டு. கேப்டன் வரவே இல்ல.

இடத்தை மட்டும் அண்ணாச்சி விடல. வீட்டை இழுத்துக் கட்டலாம்னு மகன் கேட்டப்பவும் விடல. "இன்னொண்ணு கொண்டாந்தார்னா எங்கன வைக்க?"

இன்னைக்கு மகன் பதறிப்போய்க் கேட்டான். "சித்தப்பா, தெருவுல எடம் பத்தாது, பந்தல் எங்கன போட? பின்னால போட்டா அப்பா ஏசுவாவளே..."

"பின்னாலயே போடுலே"ன்னேன். "நடுவுல மட்டும் பந்தக்கால் ஊனாத."

பஸ்ல வந்துக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி... நெழல்ல இருங்க.